அடியார் கதை கேட்கும் அவை: ஊர்தோறும் தொடங்கும் முறை



சிவாலயத்துத் திருச்சுற்றில் தென்புறத்தே அறுபத்துமூன்று நாயன்மார்களும் வரிசையாக எழுந்தருளியிருக்கக் காண்கிறோம். வலம்வரும் அன்பர் பலரும் அவ்வரிசையைக் கைகூப்பிய வண்ணமே கடந்து செல்கின்றனர். உடன்வரும் குழந்தை ஒரு திருமேனியைச் சுட்டி, 'வில்லோடு நிற்கும் இவர் யார்?' என்று கேட்குமாயின், 'சாமி, கும்பிட்டுக்கொள்' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. கேட்ட குழந்தைக்கு அறியும் வேட்கை உண்டு. விடை சொல்ல வேண்டியவர்க்கும் அன்பு உண்டு. இருவருக்கும் இடையே கதை மட்டும் இல்லை. திருமயிலையில் பங்குனிப் பெருவிழாவின்போது அறுபத்துமூவர் உலாவைக் காண மக்கள் கடலெனத் திரள்கின்றனர். அத்திரளில் பத்து அடியார்களின் வரலாற்றை முறையாகச் சொல்ல வல்லவர் எத்துணைப் பேர் என்று எண்ணினால் நெஞ்சம் வருந்தும்.

பெயர் மறந்தால் ஏட்டைப் புரட்டி அறிந்துகொள்ளலாம். கதை சொல்லும் வழக்கமே மறைந்துவிட்டால், ஏடு இருந்தும் அதனைத் திறப்பார் இரார். ஆதலின் ஊர்தோறும், தெருத்தோறும், ஐவர் பதின்மர் கூடி அடியார் கதையைச் சொல்லியும் கேட்டும் மகிழும் எளிய அவைகள் தோன்ற வேண்டும். அவற்றை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு நடத்துவது, எவ்விடத்தில் விழிப்பாக இருப்பது என்பனவற்றை இப்பாடத்தில் முறையே காண்போம்.

கேள்வியில் பிறந்த நூல்

பெரியபுராணம் என்று நாம் போற்றும் திருத்தொண்டர் புராணத்தின் தோற்றத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருந்தனர். அக்கூட்டத்தைக் கண்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள், 'இவர்களுக்கு யான் அடியனாவது எந்நாளோ' என்று உருகினார். அவ்வுருக்கத்தின் பயனாக எழுந்ததே பதினொரு பாடல்களால் ஆகிய திருத்தொண்டத்தொகை. அதனை வழிநூலாக விரித்து நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியை அருளினார்.

பின்னர், 12ஆம் நூற்றாண்டில், அநபாயன் என்னும் சோழ மன்னனுக்கு அமைச்சராக விளங்கிய குன்றத்தூர்ச் சேக்கிழார், அம்மன்னனுக்கு அடியார் வரலாறுகளை முதலில் வாய்மொழியாகவே எடுத்துரைத்தார் என்று புராண வரலாறு கூறும். கேட்ட மன்னன் மனம் கரைந்து, அவ்வரலாறுகளை விரிவாக நூலாக்கித் தருமாறு வேண்டினான். சேக்கிழார் தில்லைக்குச் சென்று கூத்தப்பெருமானை வணங்க, இறைவன் முதலடி எடுத்துக் கொடுக்க, நூல் நிறைவுற்றது. ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரையில் ஓராண்டுக் காலம் ஆயிரக்கால் மண்டபத்தில் அந்நூலுக்குப் பொருள் விரித்தார் என்பது மரபு. ஆக, நூல் எழுதப்படுவதற்கு முன்னும் கதை சொல்லல் நிகழ்ந்தது. எழுதிய பின்னும் கதை சொல்லலே நிகழ்ந்தது.

நூலின் உள்ளேயும் இதே அமைப்பைக் காணலாம். திருக்கயிலையில் பேரொளி ஒன்றைக் கண்டு உபமன்னிய முனிவர் வணங்கினார். அருகிருந்த முனிவர்கள், 'இஃது யாது? தாங்கள் வணங்கிய காரணம் என்ன?' என்று வினவினர். அவ்வினாவிற்கு விடையாகவே சுந்தரர் வரலாறு தொடங்குகிறது. கேட்பார் வினவ, அறிந்தார் சொல்ல, சூழ இருந்தார் மகிழ்ந்தமையே இப்பெருங்காப்பியத்தின் வாயில் என்பதை மறவாதிருப்போம்.

கேள்வி ஒன்றே அன்பை விளைவிக்க வல்லது என்பதற்கு அப்பூதியடிகள் சான்று. திங்களூரில் வாழ்ந்த அவர் திருநாவுக்கரசரை நேரிற் கண்டதில்லை. அவருடைய பெருமையைக் காதாற் கேட்டதுதான் உண்டு. அக்கேள்வியால் விளைந்த அன்பு, தம் மக்களுக்கும், தாம் அமைத்த சாலைக்கும், தண்ணீர்ப்பந்தலுக்கும் அப்பெயரையே இடும் அளவுக்கு வளர்ந்தது.

முன்னோர் போற்றிய முறை

கோயிலில் கதை கேட்கும் வழக்கம் புதியதன்று. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. அவ்வூர்க் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று நிவந்தம் விடப்பட்ட செய்தி அதில் உள்ளது. திருவிளக்குக்கும் திருவமுதுக்கும் நிலம் விட்டதுபோலவே கதைக்கும் பங்கு வைத்தனர் நம் முன்னோர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், அடியார் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாகக் கல்லிலே செதுக்கப்பட்டுள்ளன. ஏடு படிக்க அறியாதாரும் கல்லைக் கண்டு கதையை நினைக்கலாம். வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும், தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகத் தெய்வக் கதைகள் பாடுவதும் இன்றும் நிகழ்கின்றன.

ஈழத்துச் சைவர்கள் புராண படனம் என்னும் அரிய முறையைப் பேணி வருகின்றனர். ஒருவர் புராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். இருவர் கூடிய அளவிலேயே அங்கு அவை அமைந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் சமயப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு அகவை 25. மறு ஆண்டிலேயே அவ்வூரில் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. 1852இல் பெரியபுராணத்தை எளிய வசன நடையில் அச்சிட்டு வழங்கினார். செய்யுளைப் படித்துப் பொருளுணர மாட்டாதார்க்கும் அடியார் வரலாறு எட்டும்படி செய்த பெருந்தொண்டு அது. பள்ளிக்கும் நூலுக்கும் முன்னதாக வாரந்தோறும் கூடிய அவை இருந்தது என்பது நாம் கருதத்தக்கது.

தொடங்குவதற்கு வேண்டுவன

'எம்மூரில் மண்டபம் இல்லை, பேச்சாளர் இல்லை, பொருள் இல்லை' என்று கூறி அமைவாரும் உளர். அவர்களுக்குத் திருநின்றவூர்ப் பூசலார் விடை தருவார். கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடியும் கிடைக்கப்பெறாத அவர், மனத்தினாலேயே கல்லும் மரமும் தேடி, நாள் குறித்து, அடிநிலை இட்டு, முறைப்படி ஆலயம் சமைத்தார். காஞ்சியில் காடவர் கோன் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்குக் குறித்த நாளில், இறைவன் பூசலார் கோயிலில் எழுந்தருளச் சென்றான். பொருள் இன்மை பூசலாரைத் தடுக்கவில்லை. அவர் செய்த வேலையில் ஒழுங்கு இருந்தது என்பதையும் காண்க. மனக்கோயிலாயினும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பகுதியாகவே எடுத்தார்.

நம் அவைக்கும் அவ்வொழுங்கே முதல் வேண்டப்படுவது. சொல்பவர் ஒருவர், கேட்பவர் இருவர், ஒரு விளக்கு, ஒரு நூல், ஒரு பாய். இவ்வளவே போதும்.

இடம்: கோயில் மண்டபம் சிறந்தது. செயல் அலுவலரிடமோ அறங்காவலரிடமோ முன்கூட்டியே தெரிவித்து இசைவு பெறுக. பூசை வேளைக்கும் வலம் வருவார்க்கும் இடையூறு கூடாது. கோயில் தொலைவாயின் வீட்டுத் திண்ணையோ, கூடமோ, மாடிக் குடியிருப்பின் பொதுவிடமோ ஏற்றதே.

காலம்: நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் அவை நிலைக்காது. திங்களுக்கு இருமுறை வரும் பிரதோட நாளைக் கொள்ளுதல் எளிது. அன்று மக்கள் எப்படியும் கோயிலுக்கு வருவர். வழிபாடு முடிந்தபின் ஒரு மணி நேரம் அமரலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். தனியடியார் 63 பேர்; தொகையடியார் 9 கூட்டத்தார்; ஆக 72. ஆண்டுக்கு 24 பிரதோடம் எனக் கொண்டால், நாளுக்கு ஒரு வரலாறாக மூன்றாண்டில் நிறையும். மூவர் முதலிகளின் நெடிய வரலாறுகளுக்குப் பல நாள் வேண்டுமாதலின் மேலும் சில திங்கள் கூடலாம். ஐந்தாம் வகுப்பில் வந்து அமரும் சிறுவன் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் முன் திருத்தொண்டர் அனைவரையும் அறிந்தவனாவான்.

நூல்: நாவலர் வசனம் போன்ற நல்ல உரைநடை நூல் ஒன்று தொடக்கத்திற்குப் போதும். ஆழ்ந்து பயில்வோர் கோவைச் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் ஏழு தொகுதிகளாக எழுதிய பேருரையை நாடலாம். பேசிப் பழகாதவர் நூலைத் தெளிவாக வாசித்தாலே போதும். அதற்கு நாணுதல் வேண்டா.

கதையைச் சொல்லும் முறை

கதை சொல்பவர் ஐந்து உறுப்புகளை நினைவிற் கொள்க. அவை ஊர், தொழில், தொண்டு, சோதனை, பேறு என்பன. பெரும்பாலான அடியார் வரலாறுகள் இவ்வைந்தில் அடங்கும். இவ்வைந்தும் நினைவில் இருப்பின், ஏடின்றியும் சொல்லலாம். அதிபத்த நாயனார் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்குவோம்.

ஊர்: கடற்கரைப் பட்டினமாகிய நாகையில் நுளைப்பாடி. தொழில்: மீன் பிடித்தல், பரதவர் தலைவர் அவர். தொண்டு: நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுதல். சோதனை: பல நாள் ஒரே மீன் மட்டும் அகப்பட்டது. அதனையும் இறைவனுக்கென்று விட்டார். செல்வம் சுருங்கியது, சுற்றம் பசித்தது, அவரும் தளர்ந்தார். அந்நிலையில் ஒருநாள் பொன்னும் மணியும் இழைத்தாற்போன்ற ஒரு மீன் வலையில் வந்தது. அன்றைக்கு அகப்பட்டதும் அஃது ஒன்றே. பேறு: அதனையும் கடலில் விட்ட அளவில் இறைவன் விடைமேல் காட்சி தந்தருளினான். நாகையில் இவ்வரலாறு இன்றும் விழாவாகக் கொண்டாடப்பெறுகிறது.

இதனைச் சொல்லும்போது சோதனை என்னும் உறுப்பில் நின்று நிதானிக்க வேண்டும். முதல் நாள் விட்டது எளிது. பசித்த மனைவி மக்களின் முகத்தைப் பார்த்தபின் ஏழாம் நாள் விட்டது எளிதன்று. கதையின் உயிர் அவ்விடத்தில் இருக்கிறது. பேற்றை மட்டும் விரைந்து சொல்லி முடித்தால், 'பொன்மீன் கிடைத்தது, விட்டார், சாமி வந்தது' என்று வெறும் செய்தியாகிவிடும். கேட்பார் உள்ளம் அசையாது.

நூலில் இல்லாத அற்புதத்தைச் சுவைக்காகச் சேர்த்தல் தவறு. நகைச்சுவை தானே வந்தால் வரட்டும். அடியாரை நகைக்கும் பொருளாக்கலாகாது. பிற சமயத்தாரைப் பழித்தலும், நாட்டு அரசியலை இடையே புகுத்தலும் அவையை அன்றே கலைத்துவிடும். கடினமான சொல் வந்தால் உடனே எளிய சொல்லால் விளக்குக.

ஒரு மணி நேர ஒழுங்கு

விளக்கேற்றி, மூத்த பிள்ளையார் வணக்கமும் திருமுறைப் பாடல் ஒன்றும் பாடத் தொடங்குக. இதற்கு ஐந்து நிமிடம். ஊரில் ஓதுவார் இருப்பின் அவரை அழைத்துப் பாடச் செய்து, பிள்ளைகளைப் பின்பாடப் பழக்குக. அடுத்து, சென்ற முறை கேட்ட கதையை ஒரு சிறுவனோ சிறுமியோ சொல்லட்டும், பத்து நிமிடம். தவறினால் இடைமறிக்காது முடிந்தபின் அன்போடு திருத்துக. பின்னர் அன்றைய கதை, இருபத்தைந்து நிமிடம். அதன்பின் அவ்வரலாற்றிலிருந்து ஒரு செய்யுளை அனைவரும் சேர்ந்து வாசித்தல், ஐந்து நிமிடம். எஞ்சிய பதினைந்து நிமிடம் வினா விடைக்கு உரியது. திருநீறும் எளிய சுண்டலும் வழங்கி நிறைவு செய்க.

குறித்த நேரத்தில் முடித்தல் மிக இன்றியமையாதது. இரவுச் சமையல் காத்திருக்கும் தாய்மாரும், படிப்பு காத்திருக்கும் பிள்ளைகளும் மறுமுறையும் வர வேண்டுமல்லவா? ஒலிபெருக்கி வேண்டா. பதின்மர் கேட்க ஒருவர் வாய்ச்சொல்லே போதும்.

பெயர்பெற்ற சொற்பொழிவாளரை அழைத்துத் தொடங்கிய மன்றங்கள் பல, செலவு தாங்காமல் சில திங்களில் நின்றுபோனதை எளியேன் கண்டதுண்டு. ஆண்டிற்கொரு நாள் விழாவாகப் பேரறிஞரை அழைப்பது நன்று. ஏனைய நாள்களில் ஊரார் தாமே முறைவைத்துச் சொல்லட்டும். சொல்லுபவர் மாறி மாறி வந்தால் ஒருவர் வெளியூர் சென்றாலும் அவை நிற்காது. அறுபத்துமூவரில் காரைக்கால் அம்மையாரும், மங்கையர்க்கரசியாரும், இசைஞானியாரும் உளர். பெண்மக்கள் கேட்கும் இடத்தில் மட்டும் அமராது, சொல்லும் இடத்திலும் அமர்வார்களாக. நன்கொடைப் பற்றுச்சீட்டோடு எதிர்ப்படும் அவைக்கு எளியோர் வரத் தயங்குவர்; ஆதலின் பணம் திரட்டுதலை அறவே தவிர்க்க. இக்காலத்தில் கைபேசியிலேயே சொற்பொழிவுகளைக் கேட்க முடிகிறது. அஃது உதவியே. ஆயினும் கேட்பவன் முகம் வாடுவதைக் கண்டு கதையை நிறுத்தி ஆறுதல் சொல்லும் ஆற்றல் கருவிக்கு இல்லை.

அனைவர்க்கும் ஒரே பாய்

இனி முதன்மையான ஒன்றைக் கூற வேண்டும். யார் வரலாம், எங்கு அமரலாம் என்ற வினாவில் பல அவைகள் தோற்றுப்போகின்றன.

திருத்தொண்டருள் குயவர் உண்டு, மீனவர் உண்டு, வேடர் உண்டு, வணிகர் உண்டு, அந்தணர் உண்டு, அரசர் உண்டு. காஞ்சியில் துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர் உண்டு. சாத்தமங்கையில் திருநீலநக்கர் இல்லத்திற்குத் திருஞானசம்பந்தர் எழுந்தருளியபோது, உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் துணைவியார் மதங்கசூளாமணியாரும் தங்குதற்கு இடம் தருமாறு பணித்தார். அந்தணராகிய நீலநக்கர் தம் மனையின் நடுவே, வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்திலேயே இடம் அளித்தார். வேள்வித்தீ வலஞ்சுழித்து ஓங்கி எரிந்தது என்று புராணம் கூறும். தீ அணையவில்லை, ஓங்கியது!

ஆதனூர்த் திருநாளைப்போவார், திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்று வழிபட ஏங்கியபோது, நந்தியே விலகி வழிவிட்டது. வெளியே நின்ற அடியாரின் கதையைச் சொல்லும் அவையில் ஒருவரும் வெளியே நிற்கலாகாது. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் கோயில் வாயிலைத் திறந்தது. வாயிலைச் சட்டம் திறக்கும். பாயில் இடம்விட்டு அருகே அமரச் சொல்ல நம் நெஞ்சம்தான் வேண்டும். அவை தொடங்கும் முதல் நாளிலேயே எல்லாத் தெருவினரையும் வீடு தேடிச் சென்று அழையுங்கள். பின்னர் அழைப்போம் என்று ஒத்தி வைத்தால் அந்த நாள் வாராது.

வினாக்களை அஞ்சற்க

பிள்ளைகள் கடினமான வினாக்களைக் கேட்பர். சிறுத்தொண்டர் வரலாற்றைக் கேட்ட சிறுமி, 'பெற்ற பிள்ளையை அப்படிச் செய்யலாமா?' என்று கேட்பாள். சினங்கொள்ளற்க. அவள் உள்ளத்தில் இரக்கம் இருப்பதாலேயே அவ்வினா எழுந்தது. இத்தகைய வன்தொண்டு வரலாறுகளைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டா. அதிபத்தர், பூசலார், இளையான்குடிமாறர், அப்பூதியடிகள் முதலியோர் வரலாறுகளைக் கேட்டு அவை பக்குவப்பட்டபின், பெரியோர் உடனிருக்க, மூலத்தைச் சிதைக்காமல் சொல்லுக. அவை ஒருவர் அன்பின் எல்லையைக் காட்ட வந்தனவேயன்றி, பிறர் செய்து பார்க்க வந்தன அல்ல என்பதைத் தெளிவாக உரைக்க. மகனை மீண்டும் உயிரோடு அளித்த அருளையும் சேர்த்துச் சொல்லுக. அதன்பின்னும் அவள் மனம் ஒவ்வாதாயின் வற்புறுத்த வேண்டா. வினாவோடு வீடு செல்லட்டும். வினா உள்ளவள் மறுபிரதோடத்திற்கு வருவாள்.

கதை முடிந்ததும் 'இதனால் அறியப்படும் நீதி யாது?' என்று பள்ளித் தேர்வு போலக் கேட்டால் மனப்பாடமான விடையே வரும். மாறாக, 'எவ்விடத்தில் உன் மனம் நின்றது?' என்று கேட்டுப் பாருங்கள். இளையான்குடிமாறர் மழையிரவில் வந்த அடியார்க்கு அமுதளிக்க, அன்று பகலில் விதைத்த நெல்லையே வாரிக் கொணர்ந்தார். அடுப்பெரிக்க வீட்டுக் கூரையின் மரத்தையே அறுத்துத் தந்தார். இக்கதையைக் கேட்டு ஒருவர் விதையை நினைப்பார். ஒருவர் கூரையை நினைப்பார். வழி சொல்லித் துணைநின்ற மனைவியாரை நினைப்பார் ஒருவர். அவரவர் வாழ்வு அவரவர் விடையில் வெளிப்படும். தனித்து வாழும் முதியவர் ஒருவர் அங்கு வாய் திறந்து இரண்டு சொல் பேசினால், அதுவும் சிவத்தொண்டே.

இன்றே தொடங்குக

ஒவ்வோர் அடியார்க்கும் குருபூசை நாள் உண்டு. சித்திரைச் சதயம் திருநாவுக்கரசர்க்கும், வைகாசி மூலம் திருஞானசம்பந்தர்க்கும், ஆடிச் சுவாதி சுந்தரர்க்கும், ஆவணி ஆயிலியம் அதிபத்தர்க்கும், புரட்டாசி உரோகிணி திருநாளைப்போவார்க்கும், ஐப்பசி அனுடம் பூசலார்க்கும், தை மிருகசீரிடம் கண்ணப்பர்க்கும், பங்குனிச் சுவாதி காரைக்கால் அம்மையார்க்கும் உரியன. வைகாசிப் பூசம் சேக்கிழார் பெருமானுக்கு உரியது. பஞ்சாங்கத்தைப் பார்த்து, அடுத்து வரும் குருபூசை எவருடையது என்று காண்க. அவ்வரலாற்றை மும்முறை படிக்க. பக்கத்து வீட்டாரை அழைக்க. விளக்கை ஏற்றுக.

முதல் நாள் மூவரே வந்தாலும் மனம் தளர வேண்டா. அடுத்த முறை அச்சிறுவன் திருச்சுற்றில் வலம் வருகையில் வில்லேந்திய திருமேனியின் முன் நின்று, 'இவர் கண்ணப்பர். தம் கண்ணையே கொடுத்தவர்' என்று தன் தங்கைக்குச் சொல்லுவான். அங்கே இன்னோர் அவை தொடங்கிவிட்டது.

திருச்சிற்றம்பலம்